அச்சைப் பாருங்கய்யா, அப்புறம் டயரைப் பாருங்க

முதல்லயே சொல்லிடறேன். இது சினிமா, அரசியல், கவிதை எதுவும் இல்லாத பதிவு. வண்டிப் பதிவு. அதுலயும் வண்டிக்கு அடியில, யாரும் குனிஞ்சு பாக்காத இடத்துல, கிரீஸும் சேறுமா கெடக்கற ஒரு இரும்புக் குழாயைப் பத்தின பதிவு. பிடிக்காதவங்க தாராளமா அடுத்த பதிவுக்குப் போயிடலாம், கோவிச்சுக்க மாட்டேன். ஆனா ஜீப் வச்சிருக்கறவங்க, வாங்கலாமான்னு யோசிக்கறவங்க, அப்புறம் அந்த ஜீப்புக்குப் பக்கத்து லேன்ல போறவங்க (அதாவது எல்லாரும்) கொஞ்சம் இருந்து படிச்சுட்டுப் போங்க.

இங்க கலிஃபோர்னியாவுல, சாக்ரமெண்டோ பக்கம், எந்த இந்தியன் ஸ்டோர் பார்க்கிங்குக்குப் போனாலும் குறைஞ்சது ஒரு ஜீப் ராங்ளர் நிக்குது. நம்ம பசங்கதான். ஹெச்-1, கிரீன் கார்டு எல்லாம் தாண்டி, வீடு வாங்கி, மினிவேன் வாங்கி, கடைசியா சின்ன வயசுல இருந்து மனசுல கெடந்த ஆசைக்கு ஒரு ஜீப். சந்தோஷம்தான். எனக்கு ஒண்ணும் வயித்தெரிச்சல் இல்லை, என்கிட்டயும் ஒரு பழைய செரோக்கி இருக்கு. ஆனா வாங்கி ஆறு மாசத்துல என்ன நடக்குதுன்னு பாருங்க. நாலு அங்குலம் லிஃப்ட். 35, 37 அங்குலத்துல டயர். முன்னாடி இரும்பு பம்பர், அதுல ஒரு வின்ச். கூரை மேல கூடாரம். நெத்தியில ஒரு எல்.இ.டி. பட்டை, மாரியம்மன் கோயில் சீரியல் லைட் மாதிரி. ஆயிரக்கணக்குல டாலர் போயிருக்கும். குனிஞ்சு அடியில பாத்தா? கம்பெனியில இருந்து வந்த அதே அச்சு. அதுக்கு ஒத்தை டாலர் செலவழிக்கல.

இதைத்தான் நான் கேக்கறேன். ஆளு மாறிட்டாரு, சட்டை மாறிடுச்சு, செருப்பு ரெண்டு சைஸ் பெரிசாயிடுச்சு, முட்டி மட்டும் பழசு. எத்தனை நாளைக்குத் தாங்கும்?

என் கட்சி ஒரே வரிதான். பெரிய டயர் போடறதுக்கு முன்னாடி அச்சை முடிவு பண்ணுங்க. அச்சுக்குக் காசு இல்லைன்னா, பெரிய டயருக்கும் காசு இல்லைன்னு அர்த்தம்.

இதை நான் புதுசா சொல்லல. திருக்குறள் 475-ஐ எடுத்துப் பாருங்க, வலியறிதல் அதிகாரம். மயிலிறகுதானேன்னு அளவில்லாம ஏத்தினா வண்டியோட அச்சே முறிஞ்சு போகும்ங்கறதுதான் விஷயம். பள்ளிக்கூடத்துல இதை மனப்பாடம் பண்ணி எழுதி மார்க் வாங்கின அதே ஆளுங்கதான் இன்னிக்கு பம்பருக்கு 'இது வெறும் 100 பவுண்டுதாங்க'ங்கறாங்க. வின்ச்சுக்கும் அதே பதில். கூடாரத்துக்கும் அதே. 37 அங்குல டயரும் ரிம்மும் சேர்ந்தா ஒவ்வொண்ணும் 100 பவுண்டை ஒட்டி வரும், அது அஞ்சு. தனித்தனியா கேட்டா எல்லாம் மயிலிறகு. மொத்தமா தராசுல வச்சா ஒரு எருமை.

சரி, மேட்டருக்கு வருவோம். அச்சு ஏன் முறியுது?

ஜீப்போட பின் அச்சுன்னா அது ஒரு சாமான் இல்லை, ஒரு குடும்பம். வெளிய தெரியற குழாயும் நடுவுல உருண்டையா இருக்கறதும் ஹவுசிங். உருண்டைக்குள்ள கிரவுன் வீல், அதைச் சுத்த வைக்கற பினியன், ரெண்டு பக்கத்துக்கும் சக்தியைப் பிரிக்கற டிஃப்ரன்ஷியல். அதுல இருந்து ரெண்டு சக்கரத்துக்கும் ரெண்டு ஷாஃப்ட். முன் அச்சுன்னா சக்கரம் திரும்பணுமே, அதனால ஷாஃப்ட்டுக்கு நடுவுல ஒரு யூ ஜாயிண்ட்.

இப்ப ஒரு கணக்கு. 2018-ல வந்த ராங்ளர் ரூபிகான், மேனுவல் கியர் வண்டியை எடுத்துக்கோங்க. எஞ்சின் முறுக்குவிசை 260 பவுண்டு-அடி. முதல் கியர் 5.13, டிரான்ஸ்ஃபர் கேஸ் லோ ரேஞ்ச் 4, அச்சுக்குள்ள 4.10. மூணையும் பெருக்கினா 84. எஞ்சின்ல முழுசா மிதிச்சா, காகிதக் கணக்குப்படி, அச்சுக்கு வந்து சேர்றது 21,800 பவுண்டு-அடிக்கு மேல. எந்த ஷாஃப்ட்டாலயும் அதைத் தனியாளா தாங்க முடியாது. அப்புறம் எப்படி தினமும் முறியாம ஓடுது? டயர் வழுக்குது, அதனால. ஷாஃப்ட்டோட தாங்கற அளவுக்கு விசை போறதுக்கு முன்னாடியே டயர் பிடியை விட்டுச் சுத்திடும். அந்த வழுக்கல்தான் அச்சோட ஆயுள் காப்பீடு.

அந்த வழுக்கல் எப்ப வரும்ங்கறது மூணே மூணு விஷயத்துல இருக்கு. டயர் மேல உக்காந்திருக்கற எடை. டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. டயரோட ஆரம். இந்த மூணையும் பெருக்கினா வர்றதுதான் ஷாஃப்ட் தாங்கியாக வேண்டிய அதிகபட்ச முறுக்கு. நம்ம ஆளு பண்ணினதை இப்ப திரும்பப் பாருங்க. பம்பர், வின்ச், கூடாரம்னு எடையை ஏத்தினாரு. நல்ல ரப்பர் டயரா வாங்கி, காத்தை 12, 15-க்கு இறக்கிப் பிடிப்பை ஏத்தினாரு. 31 அங்குலத்துல இருந்து 37-க்குப் போய் ஆரத்தை மட்டும் 19 சதவீதம் ஏத்தினாரு. மூணையும் கூட்டினா தப்பு, பெருக்கணும். ஆயுள் காப்பீட்டுக்கு மூணு பக்கமும் இருந்து கத்திரி போட்டாச்சு.

இது போதாதுன்னு கடைசியா ஒரு லாக்கர் வாங்கி மாட்டுவாரு. சாதாரண ஓபன் டிஃப்ரன்ஷியல்ல ஒரு சக்கரம் அந்தரத்துல சுத்தினா மத்த சக்கரத்துக்கும் விசை போகாது. எல்லாரும் அதைத் திட்டறாங்க. ஆனா ஷாஃப்ட்டுக்கு அது ஒரு பாதுகாப்பு. லாக்கர் போட்டுட்டா பிடிப்பு இருக்கற ஒத்தை சக்கரத்துக்கு எல்லா விசையும் போகும். அந்தச் சக்கரம் ரெண்டு பாறைக்கு நடுவுல மாட்டியிருந்தா? 'டமார்'னு ஒரு சத்தம் கேக்கும் பாருங்க, தீபாவளி அணுகுண்டு தோத்துச்சு. லாக்கர் நல்ல சாமான்தான், வேண்டாம்னு சொல்லல. பழைய ஷாஃப்ட்டோட லாக்கர் வேண்டாம்னு சொல்றேன்.

இப்ப நம்ம ஆளுங்களுக்கு ரொம்பப் பிடிச்ச சப்ஜெக்ட்டுக்கு வரேன். மார்க்கு.

டானா 30, டானா 35, டானா 44, டானா 60. இந்த நம்பர்களைப் பாத்ததும் நமக்கு பிராக்ரஸ் ரிப்போர்ட் ஞாபகம் வந்துடுது. 60 வாங்கினவன் ஃபர்ஸ்ட் கிளாஸ், 35 ஜஸ்ட் பாஸ், 30 ஃபெயிலு. அப்படி இல்லைங்க. இதெல்லாம் டானா கம்பெனியோட மாடல் நம்பர், அங்குலமும் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. பழைய செரோக்கி முன்னாடி வர்ற டானா 30, கிரவுன் வீல் சின்னதா இருந்தாலும், பின்னாடி வர்ற டானா 35-ஐ விட நல்ல பேர் வாங்கினது. 'ஃபெயில்' ஆனவன் 'பாஸ்' ஆனவனை விட நல்லா உழைக்கறான். டானா 44-ன்னு பேர் வச்சதெல்லாம் ஒண்ணும் இல்லை. கிராண்ட் செரோக்கியில அலுமினிய உடம்போட ஒரு டானா 44 வந்துச்சு. பேர்தான் 44, சாமான் வேற. 2007-ல வந்த ஜேகே ரூபிகானோட முன் டானா 44-ல கியரும் ஷாஃப்ட்டும் ஓகே, ஆனா குழாய் வளையும். அதுக்குள்ள செருகறதுக்குன்னே தனியா இரும்புக் குழாய் விக்கறாங்க. நம்பரை மட்டும் பாத்து வாங்கினா இதெல்லாம் தெரியாது.

நம்பரை விட்டுட்டு நாலு கேள்வி கேளுங்க. கிரவுன் வீல் எத்தனை அங்குலம்? ஷாஃப்ட் எத்தனை ஸ்ப்லைன், என்ன தடிமன்? குழாய் எவ்வளவு கனம்? சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருக்கறது எது?

தடிமன் விஷயத்துல ஒரு சின்னக் கணக்கு கண்ணைத் தொறக்கும். முறுக்கைத் தாங்கற பலம் விட்டத்தோட மூணாம் அடுக்குல ஏறும். டானா 35-ல 27 ஸ்ப்லைன் ஷாஃப்ட், 1.18 அங்குல அளவு. டானா 44-ல 30 ஸ்ப்லைன், 1.31. டானா 60-ல 35 ஸ்ப்லைன்னா ஒண்ணரை அங்குலம். 1.18-க்கும் 1.5-க்கும் வித்தியாசம் ஒரு கட்டைவிரல் நகம் கூட இல்லை. ஆனா ஒரே இரும்புல செஞ்சா பலம் ரெண்டு மடங்கு. 44-ல இருந்து 60-க்குப் போனா ஒண்ணரை மடங்கு. சாதா கார்பன் ஸ்டீலுக்குப் பதிலா குரோமாலி ஷாஃப்ட் போட்டா அதே தடிமன்லயே பலம் ஏறும். இதெல்லாம் கடையில டயரைக் காட்டி மயக்கறவங்க சொல்ல மாட்டாங்க.

நாலாவது கேள்விதான் எனக்குத் தூக்கம் கெடுக்கறது. சக்கரத்தைப் பிடிச்சு வச்சிருக்கறது எது?

மாட்டுவண்டி பாத்திருப்பீங்க. எங்க ஊர்ப்பக்கம் அதோட அச்சை இருசுன்னு சொல்லுவாங்க. இருசு சுத்தாது, எடையைத் தாங்கிக்கிட்டு சும்மா நிக்கும். சக்கரம் மட்டும் அது மேல சுத்தும். வெளிய ஒரு கடையாணி, சக்கரம் கழண்டு போகாம. நம்மூர் லேலண்டு லாரி பின் சக்கரத்துலயும் இதே தத்துவம்தான். ஹவுசிங்தான் எடையைத் தாங்கும், ஷாஃப்ட்டுக்கு முறுக்கற வேலை மட்டும். சக்கரத்து நடுவுல வட்டமா போல்ட் தெரியும் பாருங்க, அதைக் கழட்டினா சக்கரம் மாட்டினபடியே இருக்கும், ஷாஃப்ட்டை மட்டும் உருவிடலாம். இதுக்குப் பேர் ஃபுல் ஃப்ளோட்டிங். ஷாஃப்ட் முறிஞ்சாலும் சக்கரம் ஓடிப் போகாது.

பெரும்பாலான ஜீப்ல பின்னாடி இருக்கறது செமி ஃப்ளோட்டிங். ஷாஃப்ட்டே எடையையும் தாங்கணும், முறுக்கையும் தாங்கணும். அதுலயும் ராங்ளர் டிஜே (1997-2006) வண்டிகள்ல வந்த டானா 35-ல கடையாணி வெளிய இல்லை. உள்ள, டிஃப்ரன்ஷியலுக்குள்ள, ஷாஃப்ட்டோட உள்முனையில 'சி' வடிவத்துல ஒரு சின்ன கிளிப். யோசிச்சுப் பாருங்க. ஷாஃப்ட் நடுவுல முறிஞ்சா கிளிப் உள்துண்டைப் பத்திரமா பிடிச்சுக்கும். வெளித்துண்டு? அது சக்கரத்தோட சேர்ந்து டாட்டா காட்டிட்டுப் போயிடும்.

கதை இல்லைங்க. 2023 கோடையில, தெரிஞ்ச தம்பி ஒருத்தன், டிஜே ராங்ளர் வச்சிருந்தான். டானா 35. இந்தப் பக்கத்துல ஒரு கடை, பேர் வேண்டாம். லாக்கரும் 35 அங்குல டயரும் போட்டுக் கொடுத்துட்டு 'இதுக்கு இந்த அச்சு தாராளம்'னு சொல்லி அனுப்பிடுச்சு. மலையில ரெண்டு நாள் நல்லாத்தான் ஓடுச்சு. விரிசல் அங்கதான் விட்டிருக்கணும். ஆனா முறிஞ்சது அங்க இல்லை. திரும்பி வர்ற வழியில, ஹைவே 50-ல, பிளாசர்வில் தாண்டி. இடது பின் சக்கரம் தனியா கழண்டு, வண்டியை ஓவர்டேக் பண்ணிட்டுப் போய், நடுத் தடுப்புல மோதித் திரும்பி வந்து ஓரத்துல விழுந்துச்சு. வண்டிக்குள்ள அவன் மனைவி, நாலு வயசுப் பொண்ணு. யாருக்கும் ஒண்ணும் ஆகல. பின்னாடி வந்த கார் நல்ல இடைவெளி விட்டு வந்துச்சு, அவ்வளவுதான் காரணம். பாறை மேல வண்டி நின்னு போனா அது பொழுதுபோக்கு. 65 மைல் வேகத்துல 80 பவுண்டு சக்கரம் அடுத்தவன் கண்ணாடிக்கு நேரா வந்தா அதுக்குப் பேர் வேற.

அந்தக் கடையில போய்க் கேட்டதுக்கு 'ஆஃப்-ரோடு யூஸ், எங்க பொறுப்பு இல்லை'ன்னாங்க. ஆஃப்-ரோடுக்குன்னு சொல்லித்தானேய்யா வித்தீங்க! அவ்வ்வ்வ்...

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

ஒண்ணு, 'பாத்து ஓட்டினா எந்த அச்சும் முறியாது'. இதுல பாதி உண்மை. மெதுவா, நிதானமா, சக்கரம் குதிக்காம ஓட்டறவங்க சின்ன அச்சுலயே பெரிய மலை ஏறியிருக்காங்க. ஆனா இதைச் சொல்றவங்கள்ல முக்கால்வாசிப் பேர் 37 அங்குல டயர் வாங்கினதே பாத்து ஓட்டாம இருக்கறதுக்குத்தான். நிதானமா ஓட்டப் போறீங்கன்னா 33 போதும், காசும் மிச்சம்.

ரெண்டு, 'போட்டா டானா 60, இல்லைன்னா வீட்டுல இரு'. இது இன்னொரு கோஷ்டி, மீசையை முறுக்கிக்கிட்டு வருவாங்க. பிக்கப் லாரிகள்ல வர்ற ஜி.எம். 14 போல்ட் அச்சு, 10.5 அங்குல கிரவுன் வீல், ஃபுல் ஃப்ளோட்டிங். பலத்துக்குக் கோயில் கட்டலாம். ஆனா 500 பவுண்டைத் தாண்டற எடை. நடுவுல உருண்டை பானை மாதிரி தொங்கும். 35 அங்குல டயர்ல அதைப் போட்டா பாறை மேல ஏறாது, உழும். கலப்பை வேணும்னா கலப்பை வாங்குங்க. அகலமும் ஜாஸ்தி, ரிம்மும் எட்டு போல்ட்டுக்கு மாத்தணும். வாரக் கடைசியில ஆபீஸ் ஆணிகளுக்கு நடுவுல ரெண்டு மலைப்பாதை போறவருக்கு இது எதுக்கு? பலம் இல்லாததும் தப்பு, வேலைக்குச் சம்பந்தமில்லாத பலமும் தப்பு.

அப்ப எதைத்தான் போடறது? டயர்ல இருந்து ஆரம்பிச்சு, எடையைச் சேர்த்து, அச்சுக்கு வாங்க.

33 வரைக்கும்: முன்னாடி டானா 30, நல்ல ஷாஃப்ட்டும் புது யூ ஜாயிண்ட்டும். பின்னாடி 35-ஐ கழட்டிடுங்க. டானா 44 கிடைச்சா சரி. இல்லைன்னா 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்ல வந்த 8.8. பழைய வண்டி உடைக்கற யார்டுல கிடைக்கும். 31 ஸ்ப்லைன், டிஸ்க் பிரேக், ஜீப்புக்கு அதே அஞ்சு போல்ட் அளவு. அதுலயும் சி கிளிப்தான், மறைக்கல. ஆனா ஷாஃப்ட் தடி, டிஸ்க் பிரேக்கோட கேலிப்பர் சக்கரத்தை ஓரளவுக்குப் பிடிச்சு நிறுத்தும். குழாய் நடு உருண்டையில அழுத்திச் செருகினதுதான், அதனால சுத்தி வெல்டிங் வச்சுடணும். என் செரோக்கியில இதுதான் இருக்கு.

35-க்கு: ரெண்டு பக்கமும் டானா 44, குரோமாலி ஷாஃப்ட், முன் குழாய்க்கு உள்ள இன்னொரு குழாய். முன் அச்சுல பினியன் மேல் பக்கமா இருக்கற வகை கிடைச்சா அதையே எடுங்க. முன்னோக்கிப் போகும்போது பல்லோட பலமான பக்கத்துல ஓடும், டிரைவ் ஷாஃப்ட்டும் பாறையில இடிக்காம மேல இருக்கும்.

37-க்கு: 44-ஓட எல்லை இதுதான். லேசான வண்டியா இருந்தா சமாளிக்கும். கூடாரம், குடும்பம், குளிர்பெட்டியோட போற நாலு கதவு வண்டின்னா பின்னாடி ஃபுல் ஃப்ளோட்டிங் பத்தி யோசிங்க. 2024 மாடல் ரூபிகான்ல கம்பெனியே பின்னாடி ஃபுல் ஃப்ளோட்டிங் டானா 44 போட்டுத் தர ஆரம்பிச்சது. சும்மா போடுவாங்களா?

40-க்கு மேல: இப்ப கூப்பிடுங்க அந்த மீசைக்காரங்களை. முன்னாடி 60, பின்னாடி 14 போல்ட். அங்க அவங்க சொல்றதுதான் சரி.

இன்னொரு விஷயம், இதை யாரும் பேசறதில்லை. எதையாவது ஒண்ணை முறியறதுக்குன்னே விட்டு வைக்கணும், வீட்டுல ஃப்யூஸ் வைக்கற மாதிரி. யூ ஜாயிண்ட் போனா பாதையில உக்காந்தே மாத்திடலாம். ஸ்பேர் ஷாஃப்ட் இருந்தா ஒரு மணி நேர வேலை. கிரவுன் வீல் பல்லு உதிர்ந்தா உங்களை இழுத்துக்கிட்டுத்தான் வரணும். அதனால ஷாஃப்ட்டை மட்டும் மலை மாதிரி ஆக்கிட்டு சின்ன கிரவுன் வீலை அப்படியே விடறது புத்திசாலித்தனம் இல்லை.

இழுத்துக்கிட்டு வர்றதுன்னதும் ரூபிகான் டிரெயில் ஞாபகம் வருது. சியரா நெவாடா மலையில, லூன் லேக்ல இருந்து டாஹோ பக்கம் வரைக்கும் வெறும் பாறை. 1953-ல இருந்து அங்க ஜீப் திருவிழா நடக்குது. அங்க ஒரு வண்டி அச்சு முறிஞ்சு குறுக்க நின்னா பின்னாடி இருபது வண்டிக்கு அன்னிக்கு ராத்திரி சிவராத்திரி. அதை விடுங்க. ஹவுசிங் உடைஞ்சா உள்ள இருக்கற கியர் ஆயில் எங்க போகும்? பாறை இடுக்குல இறங்கி ஏரிக்குத்தான். 2009-ல கலிஃபோர்னியாவோட தண்ணீர்த் தர வாரியம், இந்தப் பாதையைச் சுத்தப்படுத்தச் சொல்லி எல் டொராடோ கவுண்டிக்கு உத்தரவே போட்டுச்சு. மண் அரிப்பு, கழிவு, அதோட வண்டிகள்ல இருந்து கொட்டற எண்ணெய். பாதை மூடப்படுமோன்னு எல்லாரும் பயந்தாங்க. நல்லவேளை, திறந்தே இருக்கு. ஆனா நாளைக்கு மூடினா அது மரம் வளக்கறவங்க சதி இல்லை. மயிலிறகு ஏத்திட்டு அச்சைப் பாக்காம வந்தவனோட உபயம்.

அதனால மக்களே, இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. காசு செலவில்லாதது. பழைய பாய் ஒண்ணை விரிச்சு, டார்ச்சோட வண்டிக்கு அடியில படுங்க. பின் அச்சு டிஃப்ரன்ஷியல் மூடியோட வடிவம், அதுல தொங்கற தகடு, எண்ணை கசியற இடம் எல்லாத்தையும் பாருங்க. உங்க வண்டியில எந்த அச்சு, எத்தனை ஸ்ப்லைன், சி கிளிப் உண்டா இல்லையா, தெரிஞ்சுக்கோங்க. தெரிஞ்சதுக்கு அப்புறம் டயர் கடைக்குப் போங்க. கடைக்காரர் 'தாராளம்'னா, 'எத்தனை ஸ்ப்லைனுக்குத் தாராளம்?'னு திருப்பிக் கேளுங்க. முழிச்சார்னா எழுந்து வந்துடுங்க.

வழக்கம் போல திட்ட வர்றவங்களுக்குக் கதவு திறந்தே இருக்கு. டானா 35-க்கு வக்காலத்து வாங்கறவங்களும் வரலாம். ஸ்ப்லைனை எண்ணிட்டு மட்டும் வாங்க :-)